வன்னியில் இருந்துகொண்டு எம்.பி.ஏ: எந்தப் பிரிவை எடுப்பது?

பட்டம் முடித்து, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ ஒரு வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஓடிய தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அக்கா, எம்.பி.ஏ செய்வம் எண்டு யோசிக்கிறன். எந்தப் பிரிவு எடுத்தா நல்லம்?" கேட்கும்போதே பலர் பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். செயற்றிட்ட முகாமைத்துவம் என்பார்கள். இல்லாவிட்டால் மனித வளம். நிதி என்று சொல்கிறவர்கள் குறைவு. வழங்கல் சங்கிலி (பொருள் விளைகிற இடத்திலிருந்து வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும் வழியை நடத்துவது) என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் வாழ்ந்து, வன்னியிலேயே வேலை செய்யப் போகிறவர் வேலை விளம்பரத்தைப் பார்த்துப் பிரிவைத் தெரிவு செய்யக் கூடாது. தன் மேசையில், தன் ஊரில், நாளாந்தம் கண்டும் விடை பிடிபடாத ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு கிட்ட நிற்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒரு கேள்வி இன்னும் இல்லையென்றால் ஒரு வருடம் பொறுங்கள். பட்டம் எங்கும் ஓடிப் போகாது.

செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று எனக்கு விளங்குகிறது. 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே வந்த வேலைகள் எல்லாம் செயற்றிட்டங்களாகத்தான் வந்தன. மீள்குடியேற்றம், கண்ணிவெடி அகற்றல், கிணறு துப்புரவு, மலசலகூடம், வாழ்வாதாரக் கோழிக்குஞ்சு, வீட்டுத்திட்டம். இந்திய அரசின் 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக் கிழக்கில்தான் எழுந்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். அதுவும் ஒரேயடியாக வராது. அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொரு பகுதி, கூரைக்கு இன்னொரு பகுதி என்று கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் காலத்தில் ஒரு ஊர்ப் பெடியனுக்குக் கிடைக்கக்கூடிய மரியாதையான வேலை கள உத்தியோகத்தர் வேலைதான். மோட்டார்சைக்கிள், தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் செயற்றிட்ட முகாமைத்துவத்துக்குத் தனித்துறையே இருக்கிறது. அதற்கான தேவை அவ்வளவு உண்மையாக இருந்தது.

நானும் ஒரு வீட்டுத்திட்டத்தில்தான் வேலை தொடங்கினேன். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். நேரத்துக்கு முடிப்பது, கொடுத்த காசுக்குள் முடிப்பது, சொன்ன அளவில் முடிப்பது என்ற மூன்றையும் அங்கேதான் பழகினேன். ஆனால் செயற்றிட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, குடும்பத்துக்கு இல்லை. கூரை போட்ட வீட்டைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டியதோடு எங்கள் வேலை முடியும். ஐந்தரை இலட்சத்தில் முடிக்க முடியாத வீட்டை முடிக்க அந்தக் குடும்பம் யாரிடம், என்ன வட்டிக்குக் கடன் எடுத்தது என்பதை எங்கள் படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் சேர்ந்தேன். வேலை, கடன் மேசையில். அங்கே இருந்த முதல் வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பாடப்புத்தகமும் முதல் அத்தியாயத்தில் வைக்காது. எங்கள் கிராமிய வங்கியின் உயிர்நாடி நகை அடகு. ஒவ்வொரு நகையும் ஒரு கடதாசி உறையில், மேலே இலக்கம், நிறை, பெயர், திகதி எழுதி, இரும்புப் பெட்டிக்குள் போகும். ஐப்பசியில் முதல் மழை விழுந்து காலபோக (மழையை நம்பிய பெரிய நெற்போக) விதைப்புத் தொடங்கும்போது பெட்டி நிரம்பத் தொடங்கும். உழவுக் கூலி, விதைநெல், களைநாசினி, எல்லாவற்றுக்கும் தாலிக்கொடியும் காப்பும் வரும். மாசி, பங்குனியில் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கியதும் உறைகள் ஒவ்வொன்றாக வெளியே போகும். சித்திரைக்கு முன் நகையை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே அந்த மேசையில் இருக்கலாம். பிறகு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் கிடைத்தவர்களின் சிறுபோகத்துக்காக (வருடத்தின் இரண்டாவது நெற்போகம்) ஒரு சின்ன அலை மறுபடி வரும்.

அதாவது ஒரு மாவட்டத்தின் முழுக் காசுப் பாய்ச்சலும் அந்த இரும்புப் பெட்டிக்குள் தெரிந்தது. வருடத்தில் இரண்டு முறைதான் காசு வரும். செலவோ ஒவ்வொரு நாளும். ஆனால் ஊருக்குள் வந்த நுண்கடன் கம்பனிகள் தவணையைக் கிழமைக்குக் கிழமை கேட்டன.

ஒரு நாள் ஒரு அம்மா எங்களிடம் கடன் கேட்டு வந்தார். வேறு இடங்களில் கடன் இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து றப்பர் பான்ட் போட்ட அட்டைக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். வேறு வேறு நிற அட்டைகள். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குள் கையெழுத்து. திங்கட்கிழமைக்கு ஒரு அட்டை, புதனுக்கு ஒரு அட்டை. புதன்கிழமைத் தவணையைக் கட்டத்தான் எங்களிடம் கடன் கேட்க வந்திருந்தார். "வட்டி எவ்வளவு அம்மா?" என்றால், "நூற்றுக்கு இருபத்திநாலு தானே பிள்ளை, அடகைவிடக் கொஞ்சம்தானே கூட" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம், இதில்தான் விஷயமே இருக்கிறது. 50,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 24 வீதம் நிலையான வட்டி (எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி), பன்னிரண்டு மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000. மாதம் 5,167 ரூபாய் கட்ட வேண்டும். பார்க்க 24 வீதம்தான். ஆனால் அந்த அம்மாவின் கையில் முழு 50,000 ரூபாயும் முதல் மாதம் மட்டுமே இருக்கிறது. ஆறு மாதம் கழிந்தால் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்திருப்பார், வட்டியோ இன்னமும் 50,000க்கே போகிறது. கழிந்துவரும் மீதியின் மேல் கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை வீதம், வருடத்துக்குச் சுமார் 42 வீதம் வரும். உயர்தரத்தில் கணக்கீடு படித்த எனக்கே இதை அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. ஏதோ பிழை என்று மட்டும் தெரிந்தது. எங்கே பிழை, எவ்வளவு பிழை என்று காட்ட ஒரு முறை வேண்டும். அந்த முறை நிதி முகாமைத்துவத்தில் இருந்தது. அதனால் நிதியை எடுத்தேன்.

நுண்நிதி நிறுவனங்களுக்கு 2016இல் தனிச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அது தேவையான உதவி. ஆனால் தவணை வாரத்துக்கும் வருமானம் போகத்துக்கும் என்று இருக்கும்வரை அடுத்த அட்டைக் கட்டு உருவாகிக்கொண்டேதான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எம்.பி.ஏ என்றால் என்ன படிக்கிறோம்? முதல் பாதி எல்லாருக்கும் ஒன்றுதான். கணக்கீடு, நிறுவன நடத்தை, சந்தைப்படுத்தல், செயற்பாட்டு முகாமைத்துவம், புள்ளிவிபரம், மூலோபாயம், ஆய்வு முறையியல். 1908இல் ஹார்வர்டில் முதல் எம்.பி.ஏ தொடங்கியபோதும் ஒரு முகாமையாளர் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். இரண்டாம் பாதியில்தான் பிரிவுகள் பிரியும். தெரிவுப் பாடங்கள் சிலவற்றையும் கடைசி ஆய்வுக்கட்டுரையையும் ஒரே துறைக்குள் எடுத்தால் அது உங்கள் சிறப்புத்துறை. தெரிவுப் பாடங்களைவிட ஆய்வுக்கட்டுரை முக்கியம் என்பேன். பாடத்தில் வேறு யாரோ கேட்ட கேள்விக்கு விடை எழுதுகிறோம். ஆய்வில் கேள்வியும் நம்முடையதாக இருக்க முடியும்.

என் வகுப்பில் வந்த உதாரணங்கள் பெரும்பாலும் பெரிய பானக் கம்பனிகள், விமான சேவைகள், கொழும்புப் பங்குச் சந்தை. அவற்றைப் படிக்க வேண்டியதுதான். ஆனால் தொழிற்படு மூலதனம் (வியாபாரத்தை நாளாந்தம் ஓட்டத் தேவையான காசு) என்ற பாடம் வந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் இருக்கும் விவசாய மருந்துக் கடைகள். ஆய்வுக்கும் அவற்றையே எடுத்தேன்.

எந்தக் கடைக்காரரும் முதலில் கொப்பியைக் காட்ட மாட்டார். கடன் கொப்பி என்பது ஊரின் மானம். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க இருக்கிறது என்பது அதற்குள் இருக்கும். கடைசியில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு அண்ணை, பெயர்களைக் கடதாசி வைத்து மறைத்துக்கொண்டு, திகதியையும் தொகையையும் மட்டும் பார்க்க விட்டார். நீளமான சி.ஆர் கொப்பி, ஓரம் எண்ணெய் பட்டுக் கறுத்தது. ஒவ்வொரு வரியிலும் களைநாசினி ஒரு போத்தல், விதைநெல் இரண்டு மூடை, தெளி இயந்திரத்துக்கு வோஷர். எல்லாம் ஐப்பசி, கார்த்திகைத் திகதிகள். காசு வந்து சேர்ந்ததும் கோடு போட்டு வெட்டிய வரிகளின் திகதி எல்லாம் மாசி, பங்குனி.

இதைக் காசுச் சுழற்சியாகப் போட்டுப் பாருங்கள். சரக்கு கடையில் சராசரி 30 நாள் இருக்கிறது என்று வையுங்கள். விவசாயி காசு தர 120 நாள். கம்பனிக்குக் கடைக்காரர் கொடுத்த காசோலை 60 நாளில் மாறும். முப்பதும் நூற்றியிருபதும் நூற்றைம்பது, அதில் அறுபதைக் கழித்தால் 90 நாள். அந்த 90 நாளும் கடைக்காரர் சொந்தக் காசிலோ வங்கி மேலதிகப் பற்றிலோ (ஓவர்டிராஃப்ட்) ஓட வேண்டும். 20 இலட்சம் ரூபாய்ச் சரக்குக்கு வட்டி 20 வீதம் என்றால் இந்த 90 நாளின் விலை ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபாய். 2022 சித்திரையில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி கூட்டியதே, அந்த வருடக் கடைசியில் கடன் வட்டி 30 வீதத்தை நெருங்கியபோது அதே கடைக்காரருக்கு அதே 90 நாளின் விலை ஒன்றரை இலட்சத்தை நெருங்கியது. அந்த மேலதிக ஐம்பதாயிரம் எங்கே போகும்? போத்தல் விலைக்குள் போகும். காசு விலை ஒன்று, கடன் விலை ஒன்று என்று இரண்டு விலை வரும். கொழும்பில் எடுத்த ஒரு முடிவு முரசுமோட்டையில் ஒரு களைநாசினிப் போத்தலின் விலையாக மாறுகிற வழியை நான் அந்தக் கொப்பியில்தான் தெளிவாகக் கண்டேன்.

அதற்கு முந்தைய வருடம் இன்னொரு பாடம். 2021 மே மாதம் இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் எடுத்தார்கள். அந்தக் காலபோக விளைச்சல் நாடு முழுக்க விழுந்தது. மூலோபாய வகுப்பில் சூழல் பகுப்பாய்வு, அரசியல் காரணி, சட்டக் காரணி என்று பட்டியல் போடுவோம். கொப்பியில் வெட்டப்படாமல் நின்ற வரிகளைப் பார்த்தவருக்கு அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வழங்கல் சங்கிலியை யாரும் எடுக்கவில்லை என்று மேலே சொன்னேன். எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் அதுதான். நெல்லையே எடுங்கள். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மெசினால் வெட்டிய நெல் ஈரமாகத்தான் வரும். காயவைக்கத் தளம் இல்லாதவர்கள் வீதியோரத்தில் பரப்புகிறார்கள். மழை இருட்டினால் ஓடி ஓடி அள்ளுகிறார்கள். அதுவும் முடியாதவர்கள் வயல் வரம்பில் நிற்கும் லொறிக்கே பச்சை நெல்லாகக் கொடுத்துவிடுகிறார்கள். லொறிக்காரர் சொன்னதுதான் விலை. விவசாயிக்கு விலை பேசத் தெரியாமல் இல்லை. நெல் நனைந்துவிடும், அடகுத் தவணை முட்டிவிட்டது, மெசின் வாடகை கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் நெல்லை வைத்திருந்தால் ஏறும் விலை, அந்த இரண்டு மாத அடகு வட்டியையும் எலி தின்ற நெல்லையும் கழித்த பிறகு மிஞ்சுமா? எத்தனை ஏக்கருக்கு ஒரு பொது உலர்த்தி கட்டுப்படியாகும்? அதைக் கூட்டுறவுச் சங்கம் வைத்திருப்பதா, கமக்கார அமைப்பு வைத்திருப்பதா? வழங்கல் சங்கிலி எடுத்த ஒருவர் இதற்கு எண்ணோடு பதில் எழுதினால் அந்த ஆய்வை நானே எங்கள் சங்கத் தலைவர் ஐயாவின் மேசைக்குக் கொண்டுபோவேன்.

மனித வளம் எடுக்க நினைப்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. கிளிநொச்சிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. விடியற்காலையில் கிராமத்துச் சந்திகளில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளைகளைப் பாருங்கள். யார் நிலைக்கிறார்கள், யார் விடுகிறார்கள், கலியாணத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதெல்லாம் நல்ல ஆய்வுப் பொருள். சந்தைப்படுத்தல் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. பனை உற்பத்தி, ஒட்டுசுட்டான் பக்கத்துத் தேன், கருவாடு என்று விற்க நிறைய இருக்கிறது என்பதோடு விடுகிறேன்.

நிறுவன நடத்தை வகுப்பில் எனக்கு மறக்க முடியாத ஒரு பெயர் எலினோர் ஒஸ்ட்ரோம். பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். 2009இல் கிடைத்தது. தண்ணீர், காடு, மீன் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே விதி வகுத்து நிர்வகிக்க முடியும் என்று காட்டியவர். நேபாளத்தில் விவசாயிகள் தாங்களே நடத்திய நீர்ப்பாசனத் திட்டங்கள் அரசாங்கம் நடத்தியவற்றைவிடப் பல இடங்களில் நன்றாக நடந்தன என்பது அவருடைய ஆய்வில் வரும். இதைக் கேட்கும்போது நான் இரணைமடுவை நினைத்தேன். சிறுபோகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று சண்டை பிடித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பின்னேரம் போய் இருங்கள். வளப் பங்கீடு, பேச்சுவார்த்தை, தலைமைத்துவம் என்று மூன்று பாடங்களுக்கு உரிய விஷயம் அங்கே ஒரே இடத்தில் நடக்கும்.

இனி நடைமுறை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் எம்.பி.ஏ போன்ற முதுமாணிப் பட்டத்துக்கு இரண்டு மட்டம் உண்டு. பாடங்களை மட்டும் கொண்டது 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். பாடங்களோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பிறகு கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பத்தையே எடுங்கள். விண்ணப்பிக்க முன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே தரும் எம்.பி.ஏ என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை விளம்பரத்தில் உள்ள பளபளப்பை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

இடமும் யோசிக்க வேண்டியது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986இலிருந்து இருக்கிறது, நாட்டில் பெயர் பெற்றது. ஆனால் கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு வார இறுதியும் இரவு பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை கந்தோரில் இருக்க முடியுமா என்று உங்கள் உடம்பையும் வீட்டையும் கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் எம்.பி.ஏ வழங்குகிறது. யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் 70 கிலோமீற்றருக்குள். 2013 புரட்டாதியில் றெயில் கிளிநொச்சிவரை திரும்பி வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. எங்கள் அண்ணன்மார் அக்காமார் படிக்க முடியாமல் போன காலத்தில் போரால் இந்த ஏ9 வீதி பூட்டிக் கிடந்தது என்பதை நான் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் நினைப்பேன்.

ஆங்கிலம் பலரைப் பயப்படுத்துகிறது. முகாமில் படித்து, கூடாரத்துக்குள் சாதாரணதரம் எழுதிய தலைமுறைக்கு அந்தப் பயம் நியாயமானது. எனக்குக் கைகொடுத்த ஒரு வழியைச் சொல்கிறேன். மத்திய வங்கியின் 2022வரையான ஆண்டறிக்கைகள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விவசாயம் பற்றிய பகுதியைப் பந்தி பந்தியாக வாசியுங்கள். விஷயம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தது. நெல், மழை, கடன், வட்டி. தெரிந்த விஷயத்துக்குள் வரும் ஆங்கிலம் பயமுறுத்தாது. வகுப்பில் எழும்பிப் பேசுங்கள். இலக்கணம் உடைந்தாலும் பரவாயில்லை. கடன் மேசையில் இருந்து வந்தவர் சொல்கிற உதாரணத்தை விரிவுரையாளரே குறித்துக்கொள்வார். நான் கண்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டை விட்டால் யார் பார்ப்பது என்ற கேள்வியைச் சேருவதற்கு முன்னமே வீட்டில் பேசி முடியுங்கள். எனக்கு அம்மா இருந்தார். 2022 பங்குனியில் மின்சாரம் மணிக்கணக்காக இல்லாத நாட்களில், சூம் வகுப்புக்குப் போனைக் கடைச் சந்தியில் ஜெனரேட்டர் உள்ள இடத்தில் சார்ஜ் போட்டு வாங்கி வந்தவர் அவர்தான். அவருக்கு எம்.பி.ஏ என்றால் என்னவென்று தெரியாது. "பிள்ளை படிக்குது" என்றது போதுமாக இருந்தது.

படிப்பால் என்ன நடந்தது என்றும் கேட்பீர்கள். ஆய்வு முடிந்ததும் அதை எங்கள் சங்கத்தின் இயக்குநர் சபைக்குக் கொண்டுபோனேன். தமிழில், நான்கு பக்கத்தில், எண்களோடு. நெற்செய்கைக் குடும்பங்களுக்கு மாதத் தவணை வேண்டாம், வட்டி கழிந்துவரும் மீதியின் மேல் மட்டும், முதலின் பெரும்பகுதி அறுவடைக்குப் பிறகு என்று ஒரு கடன் திட்டம். சபையில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், விவசாயிகள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலைவர் ஐயா ஒன்றே ஒன்று கேட்டார். "எல்லாம் சரி பிள்ளை. வெள்ளம் வந்து வயல் போச்செண்டா?"

2018 மார்கழி வெள்ளத்தை அவர் நினைத்துக்கொண்டுதான் கேட்டார். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் தண்ணீருக்குள் நின்ற மார்கழி அது. ஒரே மாவட்டத்தில், ஒரே பயிருக்கு, ஒரே மாதத்தில் திரும்பி வரவேண்டிய கடன் எல்லாம் ஒரே மழையில் போகலாம். அபாய முகாமைத்துவப் பாடத்தில் நான் எழுதிய விடையைவிட அவருடைய ஒரு வரி கனமாக இருந்தது. திட்டத்தைத் திரும்ப எழுதினேன். கடன் முதலின் ஒரு சிறு பங்கு, மாடு வைத்திருப்பவர்களின் பால் காசிலிருந்து மாதாமாதம். மீதி காலபோக அறுவடைக்கு. அதில் தவறினால் சிறுபோகம்வரை நீட்ட இடம். பயிர்க் காப்புறுதி கட்டாயம். மொத்தக் கடனில் நெல்லுக்குப் போகும் பங்குக்கு ஒரு உச்சவரம்பு. சபை ஒரு பிரிவில் மட்டும் பரீட்சார்த்தமாகத் தொடங்க ஒத்துக்கொண்டது. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல போகமும் ஒரு கெட்ட போகமும் கண்ட பிறகுதான் இது நிற்குமா என்று சொல்லலாம்.

பதவி உயர்வுக்காக எம்.பி.ஏ செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. சம்பளம் கூடினால் குடும்பம் நிமிரும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதே கட்டணத்துக்கு, அதே வார இறுதிகளுக்கு, ஊரின் ஒரு முடிச்சையும் சேர்த்து அவிழ்க்கலாம் என்றால் ஏன் விட வேண்டும்?

இந்த முறை விண்ணப்பிக்கப் போகிறவர்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்த யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்த சம்மாட்டிக்கே (மீன்பிடி முதலாளிக்கே) மீனைக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே இருக்கிறது. அந்த முற்பணத்துக்கு எழுதாத வட்டி எவ்வளவு? சம்மாட்டி தரும் விலைக்கும் அதே காலை கரையில் போகும் ஏல விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வருடம் நாள்தோறும் எழுதி வைத்தால் அந்த வட்டி வெளியே வரும். மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அதே முற்பணத்தைக் கொடுக்க எவ்வளவு மூலதனம் வேண்டும் என்பதும் அதிலிருந்தே வரும். நிதி எடுத்தாலும் சரி, வழங்கல் சங்கிலி எடுத்தாலும் சரி, இது முழு ஆய்வுக்கட்டுரைக்குக் காணும். நான் நெல் ஆள், கடல் எனக்குத் தெரியாது. கணக்குப் போடும் தாள் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். தரவு எழுதக் கொப்பி வாங்கும்போது தடித்த அட்டை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், உப்புக் காற்றில் மற்றது நிற்காது.